லாச்சிக்குள் கிடந்த திருத்தம்

எனது மேசையின் இடப்பக்க லாச்சிக்குள் ஒரு பழுப்புநிறக் கடித உறை ஒன்பது வருடங்களாகக் கிடந்தது. உள்ளே இரண்டு பக்கங்களில் தட்டச்சு செய்யப்பட்ட ஒரு திருத்தம். நான் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்று பிழையானது என்பதை நானே ஒப்புக்கொள்ளும் திருத்தம். அதை ஏன் எழுதினேன், எழுதியபின் ஏன் அனுப்பாமல் வைத்திருந்தேன், பின்னர் ஏன் அனுப்பினேன் என்பதைச் சொல்லிவிட்டால் என் மனது கொஞ்சம் இலேசாகும்போல் தெரிகிறது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்து திரும்பிய பின்னர் மருதமுனையில் மிஞ்சியவர்களுக்கு உடனடியாக இல்லாமற்போனது குடிதண்ணீர். கரையோரக் கிணறுகள் எல்லாவற்றிலும் உப்பு. சிலவற்றுக்குள் சேறும் ஓடும் உடைந்த தறிக்கட்டைகளும் கிடந்தன. உதவிக்கு வந்தவர்கள் இயந்திரத்தைக் கொண்டுவந்து கிணறுகளை இறைத்தார்கள். இறைக்க இறைக்க ஊறியது. ஊறியதிலும் உப்பு இருந்தது. மீண்டும் இறைத்தார்கள்.

எங்கள் கரையோர மணலின் கீழ் மழைநீர் தனியாக நிற்பதில்லை. கடற்பக்கமிருந்து ஊடுருவி நிற்கும் உப்புநீரின் மேல் அது ஒரு வில்லையைப்போல மிதந்துகொண்டிருக்கும். கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது பாடநூல் தருகின்ற கணக்கு. மேலிருந்து அளவுக்கு மீறி இறைத்தால் கீழேயுள்ள உப்புநீர் கூம்புபோல் எழுந்து வரும். ஆகவே இறைப்பது நல்லதா கெட்டதா என்பது அன்றைக்கு வெறும் புத்தகக் கேள்வியாக இருக்கவில்லை. உம்மாமார் குடத்தைத் தூக்கிக்கொண்டு பவுசருக்குப் பின்னால் நின்ற காலம் அது.

நான் அப்போது பல்கலைக்கழகமொன்றில் புவியியல் கற்பிக்கும் இளம் விரிவுரையாளன். இரவலாகக் கிடைத்த மின்கடத்துதிறன்மானி ஒன்றை எடுத்துக்கொண்டு ஊரின் நாற்பது கிணறுகளை மாதம் ஒருமுறை அளந்தேன். தண்ணீரில் உப்புக் கூடினால் மின்கடத்துதிறனும் கூடும். அளந்ததையெல்லாம் கிணற்றடியிலேயே குந்தியிருந்து ஒரு கொப்பியில் எழுதினேன். எந்தக் கிணறு எத்தனை தரம் இறைக்கப்பட்டது என்பதை வீட்டாரிடம் விசாரித்துப் பக்கத்தில் குறித்தேன். வீடே இல்லாத கிணறுகளும் இருந்தன. அவற்றின் விபரத்தை அயலவர்கள் சொன்னார்கள்.

பின்னர் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிக் கணித்தபோது மிக அழகான ஒரு முடிவு கிடைத்தது. கூடுதலான தடவைகள் இறைக்கப்பட்ட கிணறுகள் விரைவாக நன்னீருக்குத் திரும்பின. கட்டுரை 2007ஆம் ஆண்டில் ஓர் ஆய்விதழில் வெளியானது. அதற்கு முன் இரண்டு அறிஞர்கள் அதை வாசித்து மதிப்பிட்டிருந்தார்கள். ஒருவர் ஆங்கில இலக்கணத்தைத் திருத்தினார். மற்றவர் தமது கட்டுரைகள் இரண்டை மேற்கோள்களில் சேர்க்கும்படி பணித்தார். தரவுகளை அனுப்பு என்று இருவருமே கேட்கவில்லை. அக்காலத்தில் யாரும் யாரிடமும் அப்படிக் கேட்பதில்லை. அடுத்த வருடம் எனக்குப் பதவியுயர்வு கிடைத்தது. அதற்கான புள்ளிகளில் அந்தக் கட்டுரையின் புள்ளிகளும் இருந்தன.

2012ஆம் ஆண்டில் இறுதிவருட மாணவி ஒருத்தி தனது ஆய்வுக்காக அதே கிணறுகளை மீண்டும் அளக்க விரும்பினாள். பழைய அளவீடுகளைத் தரமுடியுமா என்று கேட்டாள். பெருமையோடு கொப்பியையும் கணினிக் கோப்பையும் கொடுத்தனுப்பினேன். பத்து நாள் கழித்து எனது அறைவாசலில் வந்து நின்றாள். உள்ளே வரத் தயங்கினாள்.

"சேர், ஒண்டு கேட்டாக் கோவிக்கமாட்டீங்களே?"

"கேளுங்க மகள்."

"இந்தக் கொப்பியில பள்ளியடிக் கிணத்துக்கு ஒரு எண் இரிக்கி. கொம்பியூட்டர்ல வேற எண் இரிக்கி. மத்தக் கிணறுகளையும் பார்த்தன் சேர். எல்லாம் மாறிக் கிடக்கு."

கொஞ்சநேரம் பேசாமல் நின்றுவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"வரைபு கீறிப் பார்த்தன். நாப்பது கிணறும் வாங்கு வாங்கா ஒழுங்கா நிக்கிற ஸ்கூல் புள்ளைகள் மாதிரி நிக்கிது. ஒண்டாவது விலகி நிக்கல்ல. கிணறுகள் அப்புடி நிக்குமா சேர்?"

நிற்காது. அன்றிரவே எனக்கு அது விளங்கிவிட்டது. கிணறுகளின் பெயர்களை நான் இறைக்கப்பட்ட தடவைகளின் ஒழுங்கில், குறைந்ததிலிருந்து கூடியதாக, அடுக்கி வைத்திருந்தேன். பின்னர் ஏதோவொரு நாளில், உப்புக் கூடிய அளவீடு எதுவெனப் பார்ப்பதற்காக, அளவீடுகள் இருந்த நிரலை மட்டும் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கியிருக்கிறேன். பெயர்கள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டன. எண்கள் மட்டும் இடம்பெயர்ந்துவிட்டன. குறைவாக இறைத்த கிணற்றின் பக்கத்தில் மிகக்கூடிய உப்பும், கூட இறைத்த கிணற்றின் பக்கத்தில் மிகக்குறைந்த உப்பும் தாமாகவே வந்து உட்கார்ந்துகொண்டன. இயற்கையில் நான் கண்டதாக எழுதிய ஒழுங்கு எனது சுட்டுவிரலின் ஒரு அழுத்தத்தில் பிறந்தது.

கொப்பியிலிருந்து எண்களைத் திரும்ப ஏற்றிக் கணித்தேன். தொடர்பு கரைந்துபோனது. இறைத்த கிணறும் இறைக்காத கிணறும் ஏறத்தாழ ஒரேவிதமாகவே தேறியிருந்தன. அவற்றைத் தேற்றியது வடகீழ்ப் பருவமழை. கிழக்குக் கரையில் அக்காலத்தில் நடந்த வேறு ஆய்வுகளும் ஏற்கெனவே இதைத்தான் கூறியிருந்தன. எனது முடிவு ஏன் அவற்றோடு ஒத்துவரவில்லை என்று ஒரு நாளாவது நான் யோசித்திருக்க வேண்டும். எங்களூர் மணல் வித்தியாசமானது என்று எழுதிச் சமாளித்திருந்தேன்.

அந்த வாரமே திருத்தத்தை எழுதினேன். உறையிலும் போட்டேன். முத்திரை ஒட்டவில்லை.

ஏன் என்பதற்கு அன்று என்னிடம் பல நியாயங்கள் இருந்தன. சுனாமிக் கிணறுகள் எப்போதோ தேறிவிட்டன, இனி யாருக்கு என்ன நட்டம்? அது சிறிய ஆய்விதழ், யார் வாசிக்கப் போகிறார்கள்? பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்கும் வேளையில் இதை யாராவது எடுத்துக் காட்டினால்? நண்பர் ஒருவரிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "கெம்பஸ்ல பிழை விட்டவனுக்குப் புள்ளி குறைக்க மாட்டாங்க. பிழை விட்டன் எண்டு சொன்னவனுக்குத்தான் குறைப்பாங்க" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அது போதுமாக இருந்தது.

வாப்பா உயிரோடு இருந்திருந்தால் இந்த நியாயங்கள் எடுபட்டிருக்காது. அவர் நூல் வியாபாரி ஒருவரிடம் கணக்கெழுதியவர். எந்தத் தறிக்கு எவ்வளவு நூல் போனது, எத்தனை சாரன் நெய்து வந்தது என்ற கணக்கு. பெரிய கொப்பிகளில் பேனாவால் எழுதுவார். சிறுவயதில் நான் ஒரு எண்ணைப் பிளேட்டால் சுரண்டித் திருத்த முயன்றபோது கையில் ஒரு தட்டுத் தட்டினார். பிழையான எண்ணின் மேல் ஒரே ஒரு கோடு போடவேண்டும், கோட்டுக்குக் கீழே பழைய எண் வாசிக்கத் தெரியவேண்டும், பக்கத்தில் சரியான எண்ணை எழுதிச் சுருக்கொப்பம் வைக்கவேண்டும் என்று காட்டித் தந்தார். "சுரண்டினாக் களவு. கோடு போட்டாப் பிழை. பிழை எல்லாருக்கும் வரும் மகன்" என்பார். ஆய்வுகூடக் குறிப்பேடுகளை எழுதவேண்டிய முறையும் இதுவேதான் என்பதைப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

உறை லாச்சிக்குள் போன அடுத்த வருடம், 2013 ஏப்ரலில், அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு செய்தி என்னை உலுக்கியது. ஹார்வார்ட் பேராசிரியர்களான கார்மென் ரைன்ஹார்ட், கெனத் ரோகொஃப் இருவரும் 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார்கள். ஒரு நாட்டின் அரச கடன் அதன் மொத்த உற்பத்தியின் 90 சதவீதத்தைத் தாண்டினால் பொருளாதார வளர்ச்சி வீழ்ந்துவிடுகிறது என்பது அதன் சாரம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அரச செலவுகளை வெட்ட நினைத்தவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடினார்கள். மசாசுசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தொமஸ் ஹேர்ண்டன் என்ற பட்டப்பின்படிப்பு மாணவருக்கு வகுப்பில் ஒரு பயிற்சி தரப்பட்டது. வெளியான ஒரு கட்டுரையைத் தெரிவுசெய்து அதன் கணக்கை மீண்டும் செய்துபார்க்க வேண்டும். அவர் இந்தக் கட்டுரையைத் தெரிவுசெய்தார். எவ்வளவு முயன்றும் விடை வரவில்லை. ஆசிரியர்களிடமே கேட்டார். அவர்கள் தமது எக்செல் கோப்பை அனுப்பிவைத்தார்கள். திறந்து பார்த்தால், சராசரி எடுக்கும்போது ஐந்து நாடுகள் தெரிவுக்கு வெளியே விடுபட்டிருந்தன. நிறையளித்த முறையிலும் சில வருடங்களைச் சேர்க்காமல் விட்டதிலும் வேறு கேள்விகள் இருந்தன. எல்லாவற்றையும் சேர்த்துக் கணித்தபோது, கூடிய கடனுள்ள நாடுகளின் சராசரி வளர்ச்சி, கட்டுரை சொன்ன மறை 0.1 சதவீதமாக இல்லாமல் 2.2 சதவீதமாக இருந்தது. கட்டுரையாசிரியர்கள் எக்செல் பிழையை ஒப்புக்கொண்டார்கள். அடிப்படை முடிவு மாறவில்லை என்றும் வாதிட்டார்கள்.

அந்தச் செய்தியில் என்னைத் தைத்தது அந்த மாணவர்தான். எனது அறைவாசலில் நின்றவளின் முகம் நினைவுக்கு வந்தது. அவள் தனது ஆய்வேட்டில் எனது கட்டுரையைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. நான் எழுதவேண்டாம் என்று சொல்லவுமில்லை. எழுது என்று சொல்லவுமில்லை. ஆசிரியரின் முகத்தைக் காப்பாற்றுவது மாணவியின் கடமை என்ற நமது பழக்கம் மீதியைப் பார்த்துக்கொண்டது.

அதன்பின் இவ்விடயத்தைத் தேடித்தேடி வாசிக்கலானேன். புண்ணைச் சொறிவது போன்ற ஒரு வாசிப்பு. ஜெஃப்ரி சாங் என்ற அமெரிக்க உயிரியலாளர் புரதங்களின் அமைப்பை ஆராய்ந்தவர். அவரது ஆய்வுகூடத்தில் உபயோகித்த ஒரு கணினி நிரல் இரண்டு நிரல்களை இடம்மாற்றிவிட்டிருந்தது. சுவிட்சர்லாந்தில் வேறொரு குழு வெளியிட்ட அமைப்போடு தமது அமைப்பு ஒத்துவராததைக் கண்டு தேடியபோதுதான் பிழை பிடிபட்டது. 2006 டிசம்பரில் ஐந்து கட்டுரைகளை மீளப்பெறுவதாக அறிவித்தார். நிரல்கள் இடம்மாறிய இன்னொரு மனிதர் இவ்வுலகில் இருக்கிறார் என்பதில் எனக்கு ஓர் ஆறுதல். அவர் சொல்லிவிட்டார், நான் சொல்லவில்லை என்பதில் ஒரு வெட்கம்.

2015இல் உளவியலில் 100 ஆய்வுகளை மீண்டும் செய்துபார்த்த ஒரு பெரும் முயற்சியின் முடிவு வெளியானது. மூல ஆய்வுகளில் 97 சதவீதமானவை புள்ளிவிபரவியல் ரீதியாகக் கருத்தில் கொள்ளத்தக்க முடிவைத் தந்திருந்தன. திரும்பச் செய்தபோது 36 சதவீதமானவையே அப்படித் தந்தன. இதில் எல்லாம் மோசடி என்று யாரும் கூறவில்லை. அழகான முடிவுகளுக்கே ஆய்விதழ்களில் இடம் கிடைக்கிறது. ஒன்றும் கிடைக்கவில்லை என்ற முடிவு மேசைக்குள் போய்விடுகிறது. ரொபர்ட் ரோசென்தால் என்ற உளவியலாளர் 1979இலேயே இதற்கொரு பெயர் வைத்திருந்தார். நமது மொழியில் சொல்வதானால், லாச்சிப் பிரச்சினை. அதை வாசித்த அன்று எனது இடப்பக்க லாச்சியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினேன்.

பின்னர் 2020 வந்தது.

கொவிட்டினால் மௌத்தானவர்களின் உடல்களை எரிக்கவேண்டும் என்று மார்ச் இறுதியிலிருந்தே வற்புறுத்தப்பட்டது. ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி அதைக் கட்டாயமாக்கியது. அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச் மாதத்திலேயே சொல்லியிருந்தது. இங்கே சொல்லப்பட்ட காரணங்களுள் பிரதானமானது, அடக்கினால் நிலக்கீழ் நீர் மாசடையும் என்பது. டிசம்பரில், பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையின் மையத்தும் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. மக்கள் பொரளைக் கனத்தையின் வேலியில் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள்.

கொழும்பில் எங்கள் சாச்சாவும் அந்த நாட்களில்தான் மௌத்தானார். அவரது மகன் இரவில் தொலைபேசியில் அழைத்தான். அழவில்லை. அழுது முடித்திருந்தான்.

"காக்கா, நீங்க தண்ணிய ஆராய்ச்சி செஞ்ச ஆள். மையத்தை அடக்கினாத் தண்ணி கெட்டுப்போகும் எண்டு எங்கயாவது எழுதிக் கிடக்கா? யாராவது அளந்து பார்த்திருக்காங்களா? இல்லாட்டி நீங்க அதைப் பேப்பர்ல எழுதுங்க காக்கா."

எழுத உட்கார்ந்தேன். வைரஸ் எனது துறை அல்ல. ஆனால் நிலக்கீழ் நீரைப் பற்றி ஒருவர் ஒரு கூற்றைச் சொன்னால் என்ன கேட்கவேண்டும் என்பது எனக்குத் தெரியும். எந்தக் கிணற்றில் அளந்தீர்கள்? எந்த ஆழத்தில்? எத்தனை மாதிரிகள்? எங்கே வெளியிட்டீர்கள்? இந்த நான்கு கேள்விகளையும் வரிசையாக எழுதினேன். ஐந்தாவதாக, "உங்கள் தரவுகளைக் காட்டுங்கள்" என்று எழுதினேன். அந்த வரியோடு பேனா நின்றுவிட்டது. எனது சொந்தத் தரவுகள் எனது முழங்காலுக்குப் பக்கத்தில் ஓர் உறைக்குள் கிடந்தன. நான்கு கேள்விகளுக்கும் ஒழுங்காகப் பதில் வைத்திருந்த கட்டுரைதான் எனது கட்டுரையும். வெளியானது, மதிப்பிடப்பட்டது, மேற்கோள் காட்டப்பட்டது, பிழையானது. அதை மறைத்து வைத்துக்கொண்டு இன்னொருவனைப் பார்த்துக் காட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இவர் எழுதியதை முதலில் பாருங்கள் என்று யாராவது திருப்பிக் கேட்டால் என்ன செய்வேன் என்ற பயமும் இருந்தது. அதையும் மறைக்க விரும்பவில்லை.

அந்தக் கட்டுரை எழுதப்படவேயில்லை. சாச்சாவின் மகன் அதன்பிறகு அதைப்பற்றிக் கேட்கவுமில்லை.

எனது மௌனத்தால் எதுவும் மாறியிருக்காது என்பது உண்மைதான். என்னைவிடத் தகுதியானவர்கள் பேசினார்கள். இலங்கை மருத்துவச் சங்கம் 2021 ஜனவரியில் அடக்கம் செய்ய அனுமதிக்கலாம் என்றது. கட்டாய எரிப்பு அதற்குப் பிறகும் தொடர்ந்து, பெப்ரவரி இறுதியில்தான் வர்த்தமானி திருத்தப்பட்டது. மார்ச் மாதத்தில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது. சான்று இல்லாத ஒரு கூற்றை ஒரு வருடத்திற்கு அண்மித்த காலம் ஒரு நாடே சுமந்தது. அதைச் சொன்னவர்களிடம் சான்றைக் கேட்கவேண்டிய நேரத்தில், கேட்கத் தெரிந்த ஒருவன் தனது லாச்சியைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

மஜ்மா நகரில் முதல் மையத்துகள் அடக்கப்பட்ட வாரத்தில் நான் உறையைத் திறந்தேன். இரண்டு பக்கத்தையும் திரும்ப வாசித்தேன். 2012இல் எழுதியதில் "தரவு உள்ளீட்டில் ஏற்பட்ட ஒரு தொழில்நுட்பக் கோளாறு" என்று இருந்தது. அதை வெட்டினேன். "நான் ஒரு நிரலை மட்டும் தனியாக அடுக்கியதால்" என்று எழுதினேன். பிழையைக் கண்டுபிடித்தவர் எனது மாணவி என்பதையும் சேர்த்தேன். அவளிடம் அனுமதி கேட்டு மின்னஞ்சல் போட்டேன். இப்போது அவள் ஒரு பாடசாலையில் ஆசிரியை. "சேர், நான் அண்டைக்கே மறந்துட்டன்" என்று பதில் எழுதியிருந்தாள். மறந்திருக்கமாட்டாள்.

ஆய்விதழின் ஆசிரியர் மாறியிருந்தார். பதினான்கு வருடத்துக்கு முந்திய கட்டுரைக்கு இப்போது ஏன் திருத்தம் என்று வியந்து கேட்டார். அப்படியொன்றைப் பிரசுரிக்கும் வழக்கம் தங்களிடம் இல்லை என்றார். நான் விடவில்லை. வேதியியலில் 2018ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்ற ஃபிரான்சிஸ் ஆர்னோல்ட் அம்மையாரின் கதையை எழுதினேன். 2019இல் வெளியான தமது கட்டுரையொன்றின் முடிவுகளைத் திரும்பப் பெறமுடியவில்லை, ஆய்வுகூடக் குறிப்பேட்டிலும் பதிவுகள் குறைகின்றன என்று தெரிந்ததும், 2020 ஜனவரியில் அதை மீளப்பெற்றுக்கொண்டதை அவரே பகிரங்கமாக அறிவித்தார். வேலைப்பளுவில் தமது கடமையைச் சரியாகச் செய்யவில்லை என்று சொல்லி எல்லோரிடமும் மன்னிப்பும் கேட்டார். அவருடைய நோபல் பரிசை யாரும் திருப்பிக் கேட்கவில்லை, எனக்கு நீங்கள் அரைப்பக்கம் தந்தால் போதும் என்று முடித்திருந்தேன். அடுத்த இதழின் கடைசிப் பக்கத்தில் அரைப்பக்கம் கிடைத்தது.

பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. புள்ளி குறையவில்லை. இரண்டு சக விரிவுரையாளர்கள் சில காலம் என்னோடு வழமைபோல் பேசவில்லை, அவ்வளவுதான். பழைய கட்டுரையை இன்னும் சிலர் மேற்கோள் காட்டுகிறார்கள். திருத்தத்தை யாரும் காட்டுவதில்லை. தடுப்பூசிக்கும் ஓட்டிசத்திற்கும் தொடர்பிருப்பதாகப் பன்னிரண்டு பிள்ளைகளை வைத்து 1998இல் லான்செட் இதழில் வந்த கட்டுரையை அவ்விதழ் மீளப்பெற 2010 வரை சென்றது. அது கிளப்பிய பயம் இன்றுவரை மீளப்பெறப்படவில்லை. பிழை முன்னால் ஓடுகிறது. திருத்தம் நொண்டிக்கொண்டு பின்னால் போகிறது. தாமதமாகக் கிளம்பினால் இடைவெளி இன்னும் கூடும். ஒன்பது வருட இடைவெளி எனது கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது.

2024 ஜூலையில், கட்டாய எரிப்புக்காக அமைச்சரவை முஸ்லிம் சமூகத்திடம் மன்னிப்புக் கோரியது. செய்தியைக் கேட்டதும் சாச்சாவின் மகனுக்கு அழைப்பெடுத்தேன். "கேள்விப்பட்டன் காக்கா" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. 2020இல் எழுதாமல் விட்டதைப் பற்றி அவனிடம் ஒருநாள் சொல்லவேண்டும். அது ஆய்விதழில் போடமுடியாத திருத்தம்.

கடந்த மாதம் ஓர் இறுதிவருட மாணவன் வந்து அந்தப் பழைய கட்டுரை கிடைக்குமா என்று கேட்டான். கட்டுரையையும் அரைப்பக்கத் திருத்தத்தையும் ஒன்றாகக் குத்திக் கொடுத்தேன். அளவீடுகள் எழுதிய கொப்பியும் வேண்டும் என்றான். உப்புக்காற்றில் அதன் ஓரங்கள் பொரிந்துபோயிருந்தன. கடதாசியில் சுற்றிக் கொடுத்துவிட்டு, வேறேதும் பிழை கண்டால் வந்து சொல்லும்படி கேட்டுக்கொண்டேன்.